விசில்காரர் கலைத்த கூடு

நகரத்துக்கு நடுவே வேலி போட்டுப் பாதுகாக்கும் குளம் அது. அதன் காவலாளியை எல்லோரும் விசில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்துக்கு ரொட்டி போட்டால் விசில், பூப்பறித்தால் விசில், நடைபாதையை விட்டு ஓரடி இறங்கினால் இரண்டு விசில். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் அன்று காலை தானே தண்ணீரில் இறங்கி, கரையோரம் மிதந்த அழுகல் பாசிக் குவியலைக் கொக்கிக் கம்பால் இழுத்துப் போட்டார். நடக்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்களே, அதற்காக.

குவியலுக்குள்ளிருந்து மூன்று முட்டைகள் உருண்டு கல்லில் பட்டு உடைந்தன.

முக்குளிப்பான் என்கிற நீர்ப்பறவை அழுகல் பாசியில்தான் கூடு கட்டும்; இரை தேடப் போகும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுத்தான் போகும். கணக்கு டீச்சர் இதை அவரிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஓய்வு பெற்ற பிறகும் கணக்கை விடாமல், தினமும் பறவைகளை எண்ணி குளத்து வாசல் கரும்பலகையில் எழுதுகிற அம்மாள். விசில்காரர் தலையாட்டியதோடு சரி. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருந்தார்.

உடைந்ததை அவசரமாகக் குழியில் தள்ளி மூடினார். டீச்சர் வந்து கேட்டபோது, "நாய்தான் டீச்சர்" என்று வாய் கூசாமல் சொன்னார். எந்நேரமும் தன் பின்னால் சுற்றும் கறுப்பு நாயைக் கைகாட்டவும் செய்தார். 'முக்குளிப்பான் கூடு அழிந்தது. காரணம்: நாய்' என்று பலகையில் ஏறியது.

பலகையைப் படித்தவர்கள் புகார் கொடுக்க, மறுநாள் காலை நாய்பிடிக்கும் வண்டி வந்தது. நாய் யார் கையிலும் அகப்படவில்லை. பறவை எண்ண வந்த டீச்சரும் நின்று பார்த்தார்.

"நீங்க கூப்பிட்டா வருமாமே. ஒரு விசில் அடிங்கண்ணே" என்றான் வலைக்காரன்.

விசில்காரர் அடித்தும் விட்டார். புதரிலிருந்து நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வலையை எடுத்துடு தம்பி. கூட்டைக் கலைச்சது நான்தான். குப்பைன்னு நினைச்சுட்டேன், டீச்சர். இது அந்தப் பக்கமே போகல."

டீச்சர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாக்பீஸை நீட்டினார்.

"நீங்க சொன்னதை நம்பி எழுதினேன். நீங்களே திருத்துங்க."

பின்னால் கூட்டம் கூடிவிட்டது. அவர் விசிலடித்து விரட்டிய முகங்கள்தான் அத்தனையும். விசில்காரர் 'நாய்' என்பதை உள்ளங்கையால் அழித்து, 'காவலாளி' என்று எழுதினார்.

திரும்பி யாரையும் பார்க்க முடியவில்லை. நாய் மட்டும் அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது.