தறி நின்ற காலை

நர்மதாவுக்கு உடம்பில் ஒரு இடம் பாக்கியில்லாமல் வலித்தது. குமாரபாளையத்தில் வீட்டுக்குள்ளேயே நான்கு விசைத்தறி. அவற்றோடு இரண்டரை வயது மகள் மிதுனா. தறியையாவது நிறுத்திவிடலாம், இவளை நிறுத்த முடியாது என்று புருஷன் கதிர்வேல் சிரித்துக்கொண்டே சொல்வான். நேற்று அவனும் சிரிக்கவில்லை. அடம்பிடித்துத் தரையில் உருண்டவள், ஓடுகிற தறியின் பெல்ட்டுக்கு ஒரு சாண் பக்கத்தில் போய்விட்டாள்.

"இனி இவள இங்க வெச்சுக்க முடியாது. திருச்செங்கோட்டுல உங்கக்கா ஊட்டுல கொஞ்ச நாள் உட்டுட்டு வாரேன்" என்றான். நர்மதாவுக்குப் பிள்ளையை அனுப்ப மனசில்லை. மறுத்துப் பேசத்தான் தெம்பில்லை.

இன்று மாதாந்திர மின்தடை. தெரு முழுக்கத் தறி நின்றுபோயிருந்தது. மதியம் கிளம்புவதாக ஏற்பாடு. பிள்ளையின் துணிப்பை வாசலில் தயாராக இருந்தது.

உரிக்கும்போது வாழைப்பழம் இரண்டாக உடைந்தது. அவ்வளவுதான். "ஒட்டு! ஒட்டு!" என்று மிதுனா மல்லாந்து விழுந்து காலை உதைத்தாள். வேறு பழம் கொடுத்தால் வீசி எறிந்தாள். ஒட்டித் தொலைக்க முடிந்தால் நர்மதா ஒட்டியிருப்பாள்.

"ஏன்டி என் உசுர வாங்குற? கம்முனு இருக்க மாட்டியா?"

தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று பழகிப்போன குரல். தறி ஓடாத தெருவில் அது கேட்டு, எதிர்வீட்டுக் கண்ணாத்தாள் பதறி ஓடிவந்தாள்.

"என்னாச்சு நர்மதா? ஆருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

திரும்பிப் பார்த்தால் மிதுனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடந்தாள். நர்மதாவுக்கு வெட்கமாகிவிட்டது. இந்தக் குரலில்தான் சோறு ஊட்டினாள், இதே குரலில்தான் கொஞ்சவும் செய்தாள். பிள்ளைக்கு எல்லாமே திட்டாகத்தான் கேட்டிருக்கும். கத்தினால்தான் அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்பதையும் அது இந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டது.

மறுபடி கத்த முடியாமல், மகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பழம் ஒடஞ்சு போச்சா சாமி?"

அந்தக் குரல் அவள் காதுக்கே புதுசாக இருந்தது. உதைத்த கால் நின்றது. மிதுனா அம்மாவின் வாயையே பார்த்தாள். "ஒடஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள், வெகுநேரம் அழுதாள். நர்மதா ஒன்றும் செய்யவில்லை, கூடவே இருந்தாள். கடைசியில் மிதுனா அம்மா மடியில் வந்து சாய்ந்து, உடைந்த பழத்தையே தின்றாள்.

சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. கதிர்வேல் நான்கு தறியையும் ஓடவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, "புள்ளயக் குடு, கெளம்பறேன்!" என்று கத்தினான்.

நர்மதா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பதில் சொல்ல மூச்சை இழுத்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே மிதுனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

நர்மதா நேரே போய்த் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். கடைசித் தறி அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஏனுங்க, புள்ள எங்கியும் போக வேண்டாமுங்க" என்றாள் மெதுவாக. "இவ தூங்கறப்ப தறி ஓட்டிக்கறேன். முழிச்சிருக்கறப்ப இவகிட்டப் பேசோணும்."

மிதுனா காதிலிருந்து கையை எடுத்தாள்.