தோற்காத பன்னிரண்டு ஆட்டங்கள்

பேருந்துப் பணிமனையில் அந்த மெக்கானிக்குக்குச் 'சிவப்பு விளக்கு' என்று பெயர். ஓட்டுநர்கள் வைத்த பெயர். பாசத்தில் வைத்ததல்ல.

நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எது இன்னும் நாலு நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை, வண்டியையும் நிறுத்திவிடுவார். காலையில் ஒரு பேருந்து வெளியே போக வேண்டுமென்றால் நோட்டில் 'ஓடலாம்' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும். சத்தம் வருகிற வண்டிக்கு இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவர் போட்டதில்லை. மேலாளர் கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார்.

"ஒரே ஒரு ட்ரிப்புதான்யா. ஜனங்க ஸ்டாப்புல நிக்குது."

"நிக்கட்டும் சார். நிக்கிறவன் யாரும் செத்துப்போக மாட்டான்."

இப்படிப் பேசுகிற ஆளுக்கு நண்பர்கள் எங்கிருந்து வருவார்கள்? டீ குடிக்கிற நேரத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் அவர் மட்டும்தான் இருப்பார். மற்றவர்கள் டயர்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். தனக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடிக்கடி சொன்னார்.

அந்த வருடம்தான் மகனுடைய பள்ளிக் கால்பந்து அணி ஜெயிக்கத் தொடங்கியது.

மகனுக்குப் பதினேழு வயது. இடது பக்கத் தடுப்பாட்டக்காரன், இடது காலால் உதைப்பவன். பந்தோடு அவனைத் தாண்டிப் போவது நடக்காத காரியம் என்பதால் பையன்கள் அவனைக் 'கதவு' என்று கூப்பிட்டார்கள். படிப்பு சுமார். கால்பந்தை விட்டால் அவனுக்கு வேறு யோசனை கிடையாது. சீசனின் கடைசி ஆட்டத்துக்கு இளைஞர் அணித் தேர்வாளர்கள் வருவார்கள், அவர்கள் கண்ணில் பட்டுவிட்டால் போதும் என்பதுதான் அவனுடைய மொத்தக் கணக்கு.

பயிற்சியாளரைப் பையன்கள் மாஸ்டர் என்பார்கள். முதல் ஆட்டத்தில் எந்தப் பதினொரு பேர் இறங்கி ஜெயித்தார்களோ அதே பதினொரு பேர்தான் கடைசிவரை என்பது அவருடைய சட்டம். பெனால்டி அடிக்கும் ஐந்து பேரின் பட்டியலைக்கூட அன்றைக்கே எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "ஜெயிக்கிற டீம்ல கை வெச்சா கை அழுகிடும்டா" என்பார். மாற்று ஆட்டக்காரர்கள் நாலு பேர் பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எவனுக்காவது காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஒருமுறை வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகமுடியாது.

நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்ததும் பணிமனையில் காற்று மாறியது. ஸ்டோர்கீப்பர் டயரிலிருந்து எழுந்து பெஞ்சுக்கு வந்தார்.

"யோவ், கதவு உன் பையனாமே? வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?"

"நீங்க யாரும் கேக்கலியே."

"என் மச்சான் பையன் எதிர் டீம்ல ஆடினான்யா. அழுதுட்டே வீட்டுக்கு வந்தானாம். அப்பன் வண்டிய விட மாட்டான், புள்ள ஆள விட மாட்டான். நல்ல குடும்பம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முகத்துக்குப் பழக்கமில்லாததால் கொஞ்சம் வலித்தது. அடுத்த வாரம் முதல் அவர் வந்தாலே, "கதவோட அப்பா வர்றார், நகருங்கப்பா" என்று இடம் விட்டார்கள். 'சிவப்பு விளக்கு' என்ற பெயரை யாரும் தடை செய்யவில்லை. தானாகவே அணைந்துவிட்டது.

ஆறாவது ஆட்டத்தில் மகன் பந்தைத் தலையால் முட்ட எழும்பி, இறங்கும்போது வலது காலைத் தவறாக ஊன்றிவிட்டான். முழங்கால் உள்பக்கமாக ஒருமுறை மடங்கியது. எழுந்து நின்று, உதறிவிட்டு, முழு ஆட்டமும் ஆடி முடித்தான். ஜெயித்தார்கள்.

மூன்று நாள் கழித்து, வேலை முடிந்து வந்த அப்பாவின் முன்னால் அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, இத கொஞ்சம் கேளுங்களேன். மடக்கும்போது உள்ள டொக்குனு வருது."

அவர் தரையில் மண்டியிட்டு, மூட்டின்மேல் காதை வைத்தார். "மெதுவா மடக்கு. நீட்டு. இன்னொரு தடவ."

கேட்டது. முதலில் மணலைத் தேய்ப்பதுபோல ஓர் அரைப்பு. பிறகு அந்த டொக். அந்த நேரத்தில் எலும்பு ஒரு நூல் அளவு பக்கவாட்டில் நழுவியதைக் கன்னத்திலேயே உணர்ந்தார். இரும்போ எலும்போ, பிடிமானம் விட்டுப்போன இடத்தின் சத்தம் அவருக்குத் தெரியாததல்ல. இதுவே பேருந்தாக இருந்தால் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆனால் சனிக்கிழமை ஏழாவது ஆட்டம். மேலாளரே வருவதாகச் சொல்லியிருந்தார். ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேர் ஷிப்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுந்து, அழுக்கே இல்லாத கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லடா. வளர்ற வயசு, எலும்பு அப்படித்தான் சத்தம் போடும். நீ ஆடு."

மகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்பா சொன்னால் சொன்னதுதான். ஊரையே எதிர்த்து வண்டியை நிறுத்துகிற ஆள், சரியில்லை என்றால் சொல்லாமல் இருப்பாரா?

மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிசிறு பார்க்கிறவள். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் வெளியே போனதும் வந்தாள்.

"ஏங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சிடும்?"

"டாக்டர் என்ன சொல்லுவான், ரெஸ்ட் எடுக்கச் சொல்லுவான். அப்புறம் மாஸ்டர் இவன் எடத்துல வேற ஒருத்தன எறக்குவார். இவன் பெஞ்சுல குந்திட்டிருக்கணும்."

"குந்தினா கால் தேஞ்சிடுமா?"

"உனக்கு ஃபுட்பால் தெரியாது, விடு."

"ஃபுட்பால் தெரியாதுங்க. உங்களத் தெரியும்."

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவரே மகனின் முழங்காலுக்குப் பட்டை சுற்றினார். எத்தனை சுற்று, எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது. அருமையான வேலை. அந்தப் பட்டையில் மகன் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஆடினான். வாரம் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தது. சத்தம் வருகிறதா என்று மகனும் கேட்கவில்லை, அவரும் மறுபடி காதை வைத்துப் பார்க்கவில்லை.

இறுதி ஆட்டம். தேர்வாளர்கள் இரண்டு பேர் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பணிமனைக் கூட்டம் அவர்களுக்குப் பின்னால் தகர டின்னைத் தட்டிக்கொண்டிருந்தது. அணிக்கொரு கோல். இரண்டாம் பாதியில் கதவு ஆடத் தொடங்கிவிட்டது. எதிரணிப் பையன்கள் அவன் பக்கமாகவே பந்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டு தடவை அவனைத் தாண்டிப் போனார்கள். மாற்று ஆட்டக்காரன் ஒருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுந்தான். மாஸ்டர் திரும்பாமலே கையை அமர்த்த, மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

அப்பா இருந்த இடத்திலிருந்து மைதானத்துக்குப் பத்துப் படி. இறங்கிப்போய் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கக்கூடப் பார்த்தார். மேலாளர் தோளில் கையைப் போட்டு அழுத்தினார்.

"டென்ஷன் ஆகாதய்யா. உன் பையன் இருக்கான், பாத்துக்குவான்."

உட்கார்ந்துவிட்டார்.

பெனால்டிக்குப் போனது. எதிரணி ஐந்தையும் போட்டது. இவர்கள் நாலு போட்டுவிட்டார்கள். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பிரித்தார். பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஐந்தாவது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மகன் நாலடி பின்னால் போய் ஓடிவந்தான். உதைப்பது இடது கால் என்றால் ஊன்றுவது வலது கால். அது ஊன்றிய இடத்தில் நிற்கவில்லை. முழங்கால் உள்ளே சரிந்து, மகன் விழுந்து, பந்து எலுமிச்சம்பழம்போல உருண்டு போனது. கோல்கீப்பர் குனிந்து, பொறுமையாக எடுத்துக்கொண்டான்.

உடைமாற்றும் அறையில் மகனைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் மாஸ்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கத்தினார்.

"டேய், நாம தோக்கலடா! பெனால்டியில போனா ரெக்கார்டுல டிராதான். கப்புதான் அவனுங்களுக்கு. தோல்வி நமக்குக் கெடையாது!"

பையன்களில் சிலர் கை தட்டினார்கள். மகனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் தட்டினான்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மகன் படுக்கையில். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா.

"தசைநார் அறுந்து ரொம்ப நாளாச்சு. அன்னிக்கே நிறுத்தியிருந்தா சரி பண்ணி அடுத்த வருஷம் ஓட விட்டிருக்கலாம். அதுக்கு மேலயே ஆடி, உள்ள இருந்த மெத்தைய மாவா அரைச்சு வெச்சிருக்கான். நடக்கலாம். படி ஏறலாம், மெதுவா. ஃபுட்பால் இனி இல்ல." பிறகு மகனிடம் கேட்டார். "ஏம்ப்பா, உள்ள சத்தம் வந்திருக்குமே?"

"வந்துச்சு டாக்டர். அப்பாகிட்ட காட்டினேன். காதை வெச்சுக் கேட்டுட்டு ஒண்ணுமில்லன்னார்."

"அப்பா என்ன வேலை பாக்கறார்?"

"பஸ் மெக்கானிக்."

டாக்டர் நல்ல மனிதர். அப்பாவின் பக்கம் திரும்பி ஆறுதலாகத் தலையாட்டினார். "விடுங்க. உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், பாவம்."

மனைவி அவரைப் பார்த்தாள். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட துணியைப் பார்க்கிற அதே பார்வை. மகன் அவரைப் பார்க்கவேயில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். 'தோல்வியே காணாத அணி. பன்னிரண்டு ஆட்டங்கள், தோல்வி பூஜ்யம்.' பாராட்டு விழாவுக்கு வீட்டுக்கு அழைப்பிதழ் வந்தது. மகன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அதைப் படித்தான்.

"நான் போகல."

விழா அன்று மாலை அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். மனைவி வாசலில் மறித்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"யாராவது ஒருத்தர் போகணும்ல. மரியாதையா கூப்பிட்டிருக்காங்க."

"மரியாத!" என்றாள். விலகி வழிவிட்டாள்.

தலைமையாசிரியர் விடாமுயற்சி பற்றி அரை மணி நேரம் பேசினார். கதவின் பெயரைச் சொன்னபோது கைதட்டல் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. வலியோடு ஆடியவன் என்றார்கள், தியாகம் என்றார்கள். மகனுக்குப் பதிலாக அவர் மேடையேறிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். மேலாளரும் ஸ்டோர்கீப்பரும் எழுந்து நின்று தட்டினார்கள். பிறகு குரூப் போட்டோ. பத்துப் பையன்கள், மாஸ்டர், அவர்.

வீட்டுக்கு வந்தபோது மகன் மேசைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பதக்கத்தை அவன் பக்கத்தில் வைத்தார். அவன் தொடவில்லை.

"போட்டோ எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. உனக்கும் ஒரு காப்பி அனுப்புவாங்களாம்."

"நீங்களும் நின்னீங்களா?"

"கூப்பிட்டாங்கடா. மாட்டேன்னா நல்லா இருக்காது."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசிய நாளுக்குப் பிறகு மகன் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"சிரிச்சீங்களாப்பா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். போட்டோக்காரர் இரண்டு தடவை எடுத்திருந்தார். இரண்டிலும் சிரித்திருந்தார். இரண்டாவதில் யாரும் சொல்லாமலே.