பசந்தியின் வளைகாப்பு

கூட்டம் என்றாலே சரோஜாவுக்கு அலுப்பு. பதினெட்டு வருஷமாக அங்கன்வாடி டீச்சர். அரசாங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு தேய்ந்தவள். ஆனாலும் மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு சர்ச் பள்ளிக்கூட ஹாலில் நடக்கிற கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் போவாள். கோயில் பக்கத்து ஆட்கள், பள்ளிவாசல் ஆட்கள், சர்ச் ஆட்கள் என்று முப்பது பேர். பிழைப்புத் தேடி வந்த வெளி மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு கஷ்டமென்றால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய் நிற்பார்கள். போன வருஷம் ஒடிசாக்காரர் ஒருவரைத் திருடன் என்று கம்பத்தில் கட்டிவைத்தபோது, ஸ்டேஷனில் விடியவிடிய உட்கார்ந்து மீட்டு வந்தவர்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷர்கள்தான்.

இந்த முறை வந்து நின்ற கஷ்டத்தின் பெயர் பசந்தி. ஜார்க்கண்ட் பெண். வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய குடியிருப்பில் புருஷன் மங்கலோடு செங்கல் சுமந்தவள். இப்போது ஒன்பதாம் மாதம். கட்டட வேலை முடிந்துவிட்டது. மேஸ்திரி அடுத்த வாரம் திங்கட்கிழமை எல்லோரையும் லாரியில் ஏற்றி ஓசூருக்குக் கொண்டுபோகிறார். தகரக் கொட்டகையையும் அன்றைக்கே பிரிக்கிறார்கள். அந்த வயிற்றோடு லாரியில் நூற்றைம்பது கிலோமீட்டர்!

கலெக்டர் ஆபீஸில் முன்பே மனு கொடுத்தாயிற்று. அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். பிரசவத்தை இங்கே பெரியாஸ்பத்திரியிலேயே பார்க்கலாம், கர்ப்பிணிகளுக்கான கார்டும் போட்டுத் தரலாம், ஆனால் அதுவரை அந்தப் பெண் எங்கே தங்குவாள், ஒரு விலாசம் வேண்டுமே என்றார்.

அந்தக் கேள்வி ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் மகளுக்குப் பரீட்சை. ஷமீமா வீட்டில் இரண்டு அறைக்கு எட்டுப் பேர். தலைவர் சகாதேவன், "இன்னொரு மனு போட்டுப் பாக்கலாங்க" என்றார். சரோஜா குனிந்து புடவைத் தலைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. அவள் குடியிருப்பதே சகாதேவன் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் ஆயிரம் பேருக்குச் சாம்பார் சாதம் போடுகிற புண்ணியவான் அவர். முகம் தெரியாதவர்களுக்குச் சோறு போடுவார். வீட்டு விஷயத்தில் மட்டும் கறார். வெளி ஆள் ராத்தங்கக் கூடாது, வடக்கத்தி ஆளென்றால் பேச்சே கிடையாது. சரோஜாவின் கணவர் திருமலை லாரி டிரைவர், மாதத்தில் இருபது நாள் ரோட்டில். தனியாக வேறு வீடு தேடி அலைய அவளுக்குத் தெம்பில்லை. வாயைத் திறந்தால் வீடு போகும். அதனால் வாயை வேறு பக்கம் திறந்தாள்.

"போறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு ஒரு வளைகாப்பாவது போட்டுடலாங்க. கார்டு இல்லைன்னு கவர்மெண்ட்ல போடற சமுதாய வளைகாப்பு லிஸ்ட்லயும் அது பேரு வரல."

எல்லோருக்கும் சட்டென்று மூச்சு வந்தது. மனசு உறுத்தினால் விருந்து வைப்பது நம்மவர்களுக்குக் கைவந்த கலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரோஜாவும் ஷமீமாவும் கொட்டகைக்குப் போய் அழைத்தார்கள். ஷமீமா வீட்டு உருது பசந்திக்குப் புரியும். பதினெட்டு வருஷமாக எத்தனையோ பெண்களிடம் சொன்னதையே சரோஜா கடகடவென்று சொன்னாள்.

"மொதல்ல வேப்பிலைக் காப்பு, அப்பறம் கண்ணாடி வளையல். அஞ்சு வகை சாதம். அது முடிஞ்சா பொண்ணு புருஷன் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அங்கிருந்தே நேரா அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். கொழந்த பொறந்துதான் வரணும்."

ஷமீமா ஒரு சொல் விடாமல் உருதுவில் சொன்னாள். பசந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம் போலிருக்கிறது என்று சரோஜா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். தாங்கள் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. "அம்மா ஸ்தானத்துல யாரு?" என்று ஸ்டெல்லா டீச்சர் கேட்க, யாரோ சரோஜாவை முன்னே தள்ளினார்கள். அவள்தான் வேப்பிலைக் காப்பு போட்டாள். ஷமீமா கன்னத்தில் சந்தனம் பூசினாள். பள்ளிவாசல் தெருப் பெண்கள் வளையல் அடுக்கினார்கள். ஸ்டெல்லா டீச்சர் தலையில் கை வைத்து ஜெபம் செய்தாள். சகாதேவன் மைக் பிடித்து, "இந்த ஊருக்கு வர்றவங்க எல்லாம் அண்ணாமலையார் கூப்ட்டு வந்தவங்க" என்றார். நல்ல கைதட்டல்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பசந்தி எழுந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய சாக்குப் பையை இழுத்து வந்தாள். பாய்ச் சுருட்டு, அலுமினியக் குண்டான், இரண்டு புடவை என்று அவளுடைய குடித்தனம் மொத்தமும் அதில் இருந்தது. மங்கலிடம் போய் ஏதோ சொல்லி விடைபெற்றாள். நேரே சரோஜாவிடம் வந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

"என்ன சொல்லுது?" என்றாள் சரோஜா.

ஷமீமாவின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா வீடு எவ்ளோ தூரம்னு கேக்குதுக்கா. அன்னிக்கு நாம சொன்னத நெஜம்னு நெனச்சிட்டிருக்கு. அதோட அம்மா செத்து நாலு வருஷமாச்சாம். இந்த ஊர்ல யாரோ ஒருத்தரு அம்மாவா இருக்கப் போறாங்க, அவங்க வீட்டுக்குத்தான் போறோம்னு... காப்பு போட்டது நீங்கதானேக்கா."

சரோஜாவுக்குக் காதெல்லாம் சுட்டது. அது சும்மா சம்பிரதாயம்மா, என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கண்ணாடி வளையல்களை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கும் மேலே ஒரு பாசம், அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

"கிட்டதாம்மா. ஆட்டோல பத்து நிமிஷம்" என்றாள், ஹால் முழுக்கக் கேட்கும்படி.

"டீச்சர், ஒரு நிமிஷம்" என்று சகாதேவன் நெருங்கி வந்தார். "நம்ம வீட்ல வந்து..."

"தெரியுங்க சார். காலி பண்ணச் சொன்னீங்கன்னா பண்ணிடறேன். ஆனா ஒம்பது மாசப் பொண்ண வச்சிக்கினு வீடு மாத்தக் கூடாதுங்களே. கொழந்த பொறக்கட்டும்."

சாஸ்திரம் பார்க்கிற மனுஷன். முப்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோவாயைத் தடவினார். "கீழ ரூம்ல ஃபேன் சரியா சுத்தாதே" என்றார். "சாயந்திரம் ஆள் அனுப்பறேன்."

ஆட்டோ வந்தது. மங்கல் தயங்கித் தயங்கி ஷமீமாவிடம் ஏதோ கேட்டான்.

"ஓசூர்லர்ந்து லீவு கெடைச்சா வந்து பாத்துட்டுப் போவலாமான்னு கேக்கறாருக்கா. நீங்க ஒத்துக்குவீங்களான்னு."

"நல்லாருக்கே! மாமியார் வீட்டுக்கு வர்றதுக்கு மாப்பிள்ள பர்மிஷன் கேப்பாரா? வரச் சொல்லு. மொத நாளே போன் பண்ணச் சொல்லு, கறி எடுக்கணும்."

ஷமீமா அதை உருதுவில் சொன்னாள். மாப்பிள்ளை என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு வருஷமாக இந்த ஊரில் 'டேய் ஹிந்தி' என்று மட்டுமே கூப்பிடப்பட்ட மனுஷன், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பிறகு சாக்குப் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, டிரைவர் பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டான். மாமியார் வீடு எங்கே இருக்கிறதென்று பார்த்து வைக்க வேண்டாமா?