கச்சேரி ரோட்டில் புது ஏற்பாடு

"நைனா, பொத்தான் நொழையிற ஓட்டைய யாரு தைக்கிறா?"

பள்ளிக்கூடம் புறப்படும்போது மகள் ஜெசிந்தா ஒரு நாள் இப்படிக் கேட்டாள். குனிந்து அவளுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த லூர்துசாமி, "எவனோ தைக்கிறான். உனக்கு இன்னா அதப் பத்தி? நேரமாச்சு, கெளம்பு" என்றான்.

ஒரு தையற்கடை மேனேஜர் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. ஆனால் அப்போது அவன் மனம் முழுவதும் கடையை மாற்றி அமைக்கும் யோசனையாகவே இருந்தது.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் இருந்தது அன்வர் பாஷாவின் கடை. தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டிக் குடியேறிய உத்தியோகஸ்தர்கள் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டு நடையாய் நடந்தார்கள். ஒரு கோட்டை ஒரே ஆள் வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு முடிப்பதுதான் அங்கே வழக்கம். பொத்தான் ஓட்டைக்கு நூல் கட்டுகிற காஜா வேலை மட்டும் வெளியே போகும். அப்துல் கரீம் துணிகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போய், முடித்துக் கொண்டுவருவான்.

மவுண்ட் ரோட்டில் பெரிய கடையில் இருந்த லூர்துசாமியை அன்வர் பாஷா கூட்டிவந்தது இதையெல்லாம் மாற்றத்தான். அவனும் மாற்றினான். ஒருவன் வெட்ட வேண்டும், ஒருவன் கை தைக்க வேண்டும், ஒருவன் காலர்.

"ஆயுசு பூரா கையே தச்சிக்கினு இருந்தா, கனவுலயும் கை கையாத்தான் சார் வரும்" என்றான் தையற்காரன் கபாலி.

"வந்தா கும்புடு போடு. வேலையப் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். முனகிக்கொண்டே பழகினார்கள். கோட்டுகளும் சீக்கிரம் முடிந்தன. காஜா ஒன்றுதான் பாக்கி.

"வீட்டுக்குப் போற துணி கறையாவுது. நாளையிலருந்து நீ இங்கயே உக்காந்து எடு" என்றான் லூர்துசாமி.

கரீம் தயங்கினான். "வீட்லயே எடுத்துக் கொண்ணாந்துர்றேனே சார். சொன்ன நேரத்துக்கு வந்துரும்."

"உனுக்கு ஒரு சட்டம், கபாலிக்கு ஒரு சட்டமா?"

கரீம் வந்து உட்கார்ந்தான். ஊசியில் நூல் கோக்கவே வெகுநேரம் பிடித்தது. அவன் எடுத்த காஜாக்கள் கோணலும் முடிச்சுமாக இருந்தன. கோட்டு வாங்க வந்த வக்கீல் ஒருவர் முகம் சுளித்தார். வேண்டுமென்றே மோசமாகத் தைக்கிறான், புது ஏற்பாட்டைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று லூர்துசாமிக்குக் கோபம் மூண்டது. வக்கீலின் கண் முன்னாலேயே கோட்டைத் தூக்கிப் பிடித்தான்.

"காஜாவா இது? எலி கடிச்ச ஓட்டை! கைல தச்சியா, கால்ல தச்சியா?"

பிளேடால் நூலை அறுத்துப் போட்டு, கோட்டைக் கரீமின் மடியில் வீசினான். கபாலிகூடச் சிரிக்கவில்லை. கரீம் தலை நிமிராமல் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் அவன் வரவில்லை. கோட்டைக் கேட்டு வக்கீல் ஆள் அனுப்பினார். லூர்துசாமி கரீமின் வீட்டைத் தேடிப் போனான். சந்துக்குள் ஒரு சிறிய வீடு. வாசலில் கோணித்திரை.

"கரீம் பாய்!"

"அவன் மசூதிக்குப் போயிருக்கான்" என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல். "நான் அவன் அக்கா, ஜைதூன் பீ. கோட்டு ரெடியா கீது."

திரைக்கு அடியில் கோட்டு நகர்ந்து வந்தது. லூர்துசாமி பிரித்துப் பார்த்தான். அறுத்த சுவடே தெரியவில்லை. எறும்பு வரிசைபோல நெருங்கிய, சீரான தையல்.

"நேத்து இப்படித் தைக்க அவனுக்கு இன்னா கேடு?"

திரைக்குப் பின்னால் குரல் தாழ்ந்தது.

"தச்சது அவன் இல்லீங்க. தம்பிக்குக் கண்ணு மங்கி ரெண்டு வருஷமாவுது. அப்பலருந்து நான்தான் எடுக்கிறேன். கோஷாப் பொம்பள நான், திரைய வுட்டு வெளிய வராதவ, கடையில வந்து உக்கார முடியுமா? அக்கா சம்பாத்தியத்துல தின்றான்னு நாலு பேர் பேசுவாங்கன்னு அவன் வாயத் தொறக்கல. நீங்களும் சொல்லிடாதீங்க அண்ணே. இந்த மூட்ட வரலன்னா எங்க வீட்ல அடுப்பு எரியாது."

லூர்துசாமிக்குக் காது சுட்டது. அண்ணே என்கிறாள், அவள் தம்பியை அத்தனை பேர் நடுவே அடிக்காத குறையாக அவமானப்படுத்தியவனை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவன், "வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டுடன் திரும்பினான்.

அன்று மாலை சாந்தோம் கோயிலில் அவன் வழக்கமான முன்வரிசைக்குப் போகவில்லை. கதவோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டான். ஜெபம் பாதியிலேயே நின்றது. கடையில் ஒவ்வொருவரும் என்ன வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானித்தவன், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லையே.

காலையில் முதலாளியிடம் சொன்னான்: "வெட்டறது தைக்கிறதெல்லாம் இப்படியே இருக்கட்டும் பாய். காஜா மட்டும் முன்ன மாதிரி கரீம் வீட்டுக்கே போகட்டும்."

அன்வர் பாஷா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "கறையாவுதுன்னு நீதானேய்யா சொன்னே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"அந்த ஆள் இங்க எடுத்த காஜாவ நான்தான் பாத்தேனே, கண்றாவி! இன்னா காரணம், அதச் சொல்லு."

காரணத்தைச் சொன்னால் தன் மதிப்பு பிழைக்கும். கரீமின் மானம் போகும். உண்மை தெரிந்த பிறகு வாயை மூடிக்கொள்வதும் சில வேளைகளில் கடவுளுக்கு உகந்ததுதான்.

"இங்க சத்தம், நெரிசல் பாய். அதுல உக்கார வச்சு விரட்டினா யாருக்கும் கை ஓடாது. தப்பு என்னுதுதான்."

"மவுண்ட் ரோட்லருந்து ஆள் கொண்டாந்தேன், எனக்கே பாடம் எடுக்கிறான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார் முதலாளி. "சரி, தொலை. அனுப்பு."

"மேனேஜர் சிஸ்டம் புஸ்ஸுனு பூடுச்சு டோய்!" என்றான் கபாலி. இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். லூர்துசாமி தலை குனிந்துகொண்டான். அந்தச் சிரிப்பு தனக்கு வரவேண்டியதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

அன்று வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகைக்கு முதலாளியும் மற்றவர்களும் போனார்கள். கபாலி சாப்பிடப் போனான். லூர்துசாமி கோட்டுகளைத் தூசி தட்டி, வெள்ளைத் துணியில் மூட்டை கட்டினான். கூலிக்காரனைக் கூப்பிடாமல் தானே தோளில் ஏற்றிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு நடந்தான். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

மூட்டையைக் கோணித்திரைக்கு முன்னால் மண் படாமல் படிமேல் வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கணம் கைகூப்பி நின்றான். பிறகு வாசல் நிலையை இரண்டு தட்டுத் தட்டினான். திரை அசைவதற்குள் சந்து முனையைத் தாண்டிவிட்டான்.