ஒரு தலையாட்டலுக்கு நாலே கால் கும்பிடு

மருதவயலில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஒரு மரியாதை உண்டு. அதற்கு மூன்றெழுத்தில் ஒரு குறியீடும் உண்டு. முதல் இரண்டு எழுத்து வீட்டைச் சொல்லும். மூன்றாவது எழுத்து, அந்த வீட்டில் எந்த வகை மரியாதை புழங்குகிறது என்பதைச் சொல்லும். ரைஸ்மில் வீட்டுத் தலையாட்டல் ரை.மி.த. டாக்டர் வீட்டுச் சிரிப்பு டா.வீ.சி. பருத்திக்கடை வீட்டில் வேல்சாமியும் அவர் தம்பி சீனிச்சாமியும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது கும்பிடு. அது ப.க.கு.

குறியீடு வருவதற்கு முன்னால் ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பதினோரு வீட்டில் கும்பிடுதான் புழக்கம். எல்லோரும் பொதுவாகக் கும்பிடு என்றே சொல்லிக்கொண்டிருந்ததால், காலையில் வாங்கியது எந்த வீட்டுக் கும்பிடு என்று சாயங்காலம் தெரியாது. ஒரு ஆள் சோடாக்கடைக் கும்பிடைக் கொடுத்துவிட்டு, நாட்டாமை வீட்டுக் கும்பிடுக்கு உண்டான பதில் மரியாதையை வாங்கிக்கொண்டு வெளியூர் பஸ் ஏறிவிட்டான். பஞ்சாயத்து மூன்று நாள் நடந்தது. நாலாம் நாள்தான் பஸ் நிலையத்தில் மரியாதை மாற்று நிலையத்தைத் திறந்து, கற்பகவல்லியை உட்காரவைத்து, தலைக்கு மேலே பலகை மாட்டினார்கள்.

பலகையில் குறியீடுகளை இரண்டிரண்டாக எழுதுவது வழக்கம். முதலில் நிற்பது எப்போதும் ஒன்று. அந்த ஒன்றுக்கு இரண்டாவதில் எத்தனை என்பதை எண் சொல்லும். ரை.மி.த., ப.க.கு., நாலே கால் என்று எழுதியிருந்தால், ரைஸ்மில்காரர் ஒரு தடவை தலையாட்டுவதற்குப் பருத்திக்கடைக்காரர் நாலே கால் கும்பிடு போடவேண்டும் என்று அர்த்தம். சீனிச்சாமி இதில் கெட்டிக்காரர். நாலு கும்பிடை முழுசாகப் போட்டுவிட்டு, ஐந்தாவதற்குக் கையைக் கூப்பித் தொப்புள் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஒரு நாளும் கூடினதுமில்லை, குறைந்ததுமில்லை.

அந்தத் தலையாட்டலையே நிலையத்தில் திருப்பிக் கொடுத்தால் நாலு கும்பிடுதான் கிடைக்கும். வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. நடுவில் நிற்கும் கால் கும்பிடு நிலையத்துக்கு. இப்படிக் கால் காலாகச் சேர்ந்ததில், கற்பகவல்லியை எதிர்த்துப் பேச ஊரில் ஆள் இல்லாமல் போயிற்று. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற மரியாதை செல்லாது என்று அறிவித்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் சில பெரிய வீடுகளில் அதைப் பெட்டிக்கடியில் பத்திரமாக வைத்திருந்து, யாராவது மாற்றித் தருவார்களா என்று சாடைமாடையாகக் கேட்டு வருவதுண்டு. கற்பகவல்லி ரசீது இல்லாமல் திருப்பி அனுப்புவாள்.

ஆனி மாதத்தில் வேல்சாமியும் சீனிச்சாமியும் பாகம் பிரிந்தார்கள். சொத்துத் தகராறு ஒன்றுமில்லை. கூடத்து மின்விசிறியை மூன்றில் வைப்பதா ஐந்தில் வைப்பதா என்பதுதான் விவகாரம். அண்ணன் மூன்று என்றார், தம்பி ஐந்து என்றார். ஒரே வாரத்தில் கூடத்தின் குறுக்கே சுவர் எழும்பியது. மின்விசிறி சுவருக்குள் மாட்டிக்கொண்டு ஒன்றில்கூடச் சுற்றவில்லை. வேல்சாமிக்குப் பிள்ளைகள் இல்லை, மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

வீடு உடைந்தால் குறியீடு செல்லாது என்பது விதி. புதுக் குறியீடு வருகிற வரைக்கும் இரண்டு பேருக்கும் இ.இ.இ. கொடுத்தார்கள். இதில் மரியாதை எதுவும் சம்பந்தப்படவில்லை என்பது அதன் பொருள். திட்டு அல்ல, தண்டனையும் அல்ல. இ.இ.இ. உள்ள ஆள் கும்பிட்டால் எதிரே இருப்பவர் அவருக்குப் பின்னால் இருக்கும் எதையாவது பார்ப்பார், அவ்வளவுதான்.

சீனிச்சாமியின் மகள் சண்முகப்பிரியாவுக்கு ஆவணி இருபதில் கல்யாணம். நானூறு பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு முதல் பத்திரிகையை டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா அவருக்குப் பின்னால் இருந்த காலண்டரை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார். ரைஸ்மில்லில் வாசல் தென்னையைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வீடு ஏறி இறங்கி, தாம்பாளத்தில் ஒரு பத்திரிகைகூடக் குறையாமல் வீடு திரும்பினார். பெண்ணைப் பெற்றவனுக்கு இதைவிட வெட்கக்கேடு வேறில்லை என்று அவருக்குத் தோன்றியது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது மண்டபத்தில் நாற்காலிகள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

"பெரியப்பாவையாவது கூப்பிட்டீங்களாப்பா?" என்றாள் மகள்.

"எனக்கும் இ.இ.இ., அவருக்கும் இ.இ.இ. இல்லாததை இல்லாததோட எப்படிம்மா மாத்துறது? அதுக்கு விகிதமே கிடையாது."

"ஒங்க ரெண்டு பேருக்கும் இல்லாதது குறியீடு இல்ல" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி பேச்சியம்மாள் சொன்னாள். என்ன இல்லை என்பதை அவள் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அண்ணனும் தம்பியும் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வேறு வேறு வழியாகத்தான் வந்தார்கள். ஒரே வீடு இரண்டானால், முதலில் அந்த இரண்டுக்கும் நடுவே விகிதம் போடவேண்டும். மற்ற வீடுகளின் விகிதம் அதிலிருந்து தானாக வந்துவிடும். கற்பகவல்லி படிவத்தை எடுத்து வைத்தாள்.

"சீனி அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன வகை?"

"கும்பிடுதான்மா. பழகின கை."

"சீ.சா.கு. பெரிய அண்ணாச்சிக்கு?"

"நான் இனிமே யாரையும் கும்பிடுறதா இல்ல" என்றார் வேல்சாமி. "செருமல்னு போடு. ஆளப் பாத்தா ஒரு தடவ செருமுவேன். அதுக்கு மேல எதிர்பாக்கக் கூடாது."

"வே.சா.செ. சரி. ரெண்டுல எது முதல்ல?"

"இதென்ன கேள்வி? தலை இருக்க வால் ஆடலாமா? நான்தான் முதல்ல."

"அதெப்படி?" என்றார் சீனிச்சாமி. "கல்யாணம் என் வீட்டுல. மாப்பிள்ள வீட்டுக்காரங்க பஸ்ஸ விட்டு இறங்கினதும் இந்தப் பலகையத்தான் பாப்பாங்க. நான்தான் முதல்ல நிக்கணும்."

"முதல்ல நிக்கிறது பெரிசுன்னு அர்த்தமில்ல அண்ணாச்சி. அது ஒண்ணு. ரெண்டாவது எத்தனைங்கிறதுதான் கணக்கு. கணக்குக்கு எது முதல்ல வந்தா என்ன?"

"அப்ப ரைஸ்மில் மட்டும் ஏன் எல்லா வரியிலயும் முதல்ல நிக்கிது?"

"பலகை அவங்க உபயம்" என்றாள் கற்பகவல்லி.

இதைக் கேட்ட பிறகு இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை. வேல்சாமி செருமினார். குறியீடு இல்லாததால் அது வெறும் சளியாகவே கணக்கில் கொள்ளப்பட்டது. சாயங்காலம் நிலையம் மூடும் வரை நின்று பார்த்துவிட்டு இரண்டு பேரும் வேறு வேறு வழியாக வீட்டுக்குப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள், மறுநாளும் போனார்கள். இப்படி ஆறு நாள் போயிற்று.

ஏழாம் நாள் சீனிச்சாமி தனியாக வந்து, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கற்பகவல்லி சட்டப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினாள்.

"கல்யாணத்துக்கு மட்டும் சோ.த.னை. தரலாம். முறை சரியா ஓடுதான்னு பாக்கிறதுக்காக ஒதுக்கி வெச்ச குறியீடு. அதுல நடக்கிறது எதுவும் நடந்ததா ஆகாது."

"சனங்க வருவாங்களா?"

"வராம? செலவில்லாத மரியாதைன்னா அவங்களுக்குக் கசக்குமா? ஆனா மறுநாள் காலையில பத்து மணிக்கு எல்லாத்தையும் அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுத்திரணும்."

"தாலியுமா?"

"அது தங்கம் அண்ணாச்சி. நாங்க அதுல வர மாட்டோம்."

"எங்க அண்ணனுக்கு?"

"ஒரே வீடு. அவருக்கும் அதேதான் பதிவாகும். சோதனையில வரிசை கிடையாது. முதல்ல, ரெண்டாவது எதுவும் கிடையாது."

ஐந்து நாளில் நானூறு பத்திரிகையும் போய், இன்னும் நூறு அச்சடிக்க வேண்டியதாயிற்று. எதுவும் கணக்கில் ஏறாது என்று தெரிந்ததும் ஊர் அப்படியொரு தாராளத்தைக் காட்டியது. ரைஸ்மில்காரர் மண்டப வாசலிலிருந்து மணமேடை வரைக்கும் நாற்பத்து மூன்று தடவை தலையாட்டிக்கொண்டு வந்தார். முன்பின் பல்லைக் காட்டியறியாத டாக்டரம்மா ஏழு தடவை வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோய், சம்பந்தி இவ்வளவு பெரிய மனுசரா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சீனிச்சாமி கையைக் கூப்பினவர் இறக்கவே இல்லை.

கெட்டிமேளம் கொட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வேல்சாமி வந்தார். பட்டு வேட்டி கட்டியிருந்தார். நேரே மணமேடைக்குப் போய், பெரியப்பா நிற்கவேண்டிய இடத்தில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. தாலி ஏறியதும் அவர் தம்பியின் வலது தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"டேய் சீனி, அஞ்சுலயே வெச்சிருக்கலாம்டா."

"இல்லண்ணே. மூணுதான் சரி. எனக்கே ராத்திரி குளுருச்சு."

கற்பகவல்லி பந்தியில் உட்கார்ந்தபடியே சோதனை ஏட்டில் அழுகை ஒன்று, நீளம் ஆறு நிமிஷம் என்று குறித்துக்கொண்டாள். பிறகு பாயசம் கேட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஊர் முழுக்க சீனிச்சாமி வீட்டு வாசலில் வரிசையில் நின்றது. கொடுக்கும்போது வராத நேரம் தவறாமை, திருப்பி வாங்கும்போது வந்துவிடும். டாக்டரம்மா ஏழு சிரிப்பையும் சீனிச்சாமியைச் சிரிக்கவைத்து ஒவ்வொன்றாகக் காதில் வாங்கிக்கொண்டு போனார். ரைஸ்மில்லிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை வந்தார். அவர் முன்னால் நாற்பத்து மூன்று தடவை தலையாட்டிக் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. அட்சதை போட்டவர்கள் பெண்ணின் தலையிலிருந்து ஆளுக்கு நாலு அரிசியைப் பொறுக்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்து, கல்யாணத்துக்கு யாருமே வராத மாதிரி வீடு சுத்தமாக இருந்தது.

கடைசியாக வேல்சாமி வந்தார். கையில் ஒரு சில்வர் டம்ளர் இருந்தது.

"நேத்து அழுதது" என்றார்.

சீனிச்சாமி உள்ளே பார்த்தார். "பேச்சி, நேத்து நான் போட்டிருந்த சட்ட எங்க?"

"காலையிலயே ஊறவெச்சுட்டேனே. சோப்புத்தூள் போட்டு."

கிணற்றடியில் பச்சை பிளாஸ்டிக் வாளியில் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். எது தண்ணீர், எது வேல்சாமி என்று சொல்ல முடியவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்குக் கற்பகவல்லி விதியை எழுதி அனுப்பினாள். கலந்துபோனதை உரியவரே பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்து முடிக்கும் வரை அவர் அதைவிட்டு அகலக் கூடாது.

பேச்சியம்மாள் ஒரு முக்காலியும் இங்க் ஃபில்லரும் கொண்டுவந்து வைத்தாள். வேல்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சொட்டாக எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, தன்னுடையது என்றால் டம்ளரில் விட்டார். முதல் நாள் இரண்டு சொட்டுத் தேறியது. மதியம் அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே தலை சாய்த்தார். மறுநாள் தம்பியும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"இது ஒங்களுதுதாண்ணே. உப்பு கரிக்குது."

"இல்லடா. இது சோப்பு."

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. டம்ளர் பாதிகூட நிறையவில்லை. வாளியில் தண்ணீர் குறைகிறபோதெல்லாம் பேச்சியம்மாள் ஒரு செம்பு மொண்டு ஊற்றி நிரப்பிவைத்தாள். அதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மிச்சம் இருக்கும் வரைக்கும் சோதனை முடிந்ததாக ஆகாது. முடியாத சோதனையில் இருப்பவர்களுக்குப் புதுக் குறியீடு கொடுக்க விதி இல்லை. வாளிக்குக் கொடுக்கத் தடையில்லை. கற்பகவல்லி வீடு தேடி வந்து, வாளியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ப.வா.ஈ. என்று பெயிண்டால் எழுதிவிட்டுப் போனாள். பச்சை வாளி ஈரம்.

கார்த்திகை முதல் முகூர்த்தத்துக்கு டாக்டர் வீட்டிலிருந்து ஒரு பத்திரிகை வந்தது. மேலே, உயர்திரு வாளி அவர்கள், குடும்பத்துடன் என்று எழுதியிருந்தது. காலையில் வேல்சாமியும் சீனிச்சாமியும் குளித்து, விபூதி பூசி, வாளியைத் துடைத்து எடுத்தார்கள். கைப்பிடியின் ஒரு பக்கத்தை அண்ணன் பிடித்துக்கொண்டார், மறு பக்கத்தைத் தம்பி பிடித்துக்கொண்டார். சிந்திவிடக் கூடாது என்பதால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கால் எடுத்து வைத்து மெதுவாக நடந்தார்கள். பந்தியில் வாளிக்கு ஒரு இலையும், குடும்பத்துக்கு ஒரு இலையும் போட்டிருந்தார்கள்.