தண்ணீர் சூடாகும் நேரம்

எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டில் நெட் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இயற்பியல் படித்ததால் தங்கைக்கு எல்லாம் தெரியும் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். விஞ்ஞானி என்றுதான் கூப்பிடுவார். நான் போவேன். ரூட்டரை அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி போடச் சொல்வேன். பெரும்பாலும் அதுவே போதும். இல்லாவிட்டால் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். அதை எடுத்து வெளியே வைக்கச் சொல்வேன். வேலை முடிந்து எங்கள் வாசலுக்குத் திரும்புவதற்குள் அண்ணனிடமிருந்து போன் வந்துவிடும்.

"எங்கே போயிட்டு வர்றே?"

எங்கள் வாசல் கதவுக்கு மேலே ஒரு கேமரா இருந்தது. கதவு திறந்தால் அண்ணனின் போனில் மணி அடிக்கும். அவர் சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். திருட்டு பயம் என்று சொல்லி வாங்கி வந்தார். மாட்டிக் கொடுத்தது நான்.

அம்மா அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர். கோபமாகக் கேட்கமாட்டார், அக்கறையாகக் கேட்பார். அதனாலேயே பதில் சொல்லாமல் இருக்க முடியாது. வேலைக்குப் போகட்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

மதியத்தில் கேமரா நின்று நின்று போகிறது, என்னவென்று பார் என்று ஒருநாள் சொன்னார். பார்த்தேன். கேபிள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வருவதால் ரூட்டரும் அங்கேயே, மைக்ரோவேவ் ஓவனை ஒட்டினாற்போல் அலமாரியில் இருந்தது. எங்கள் வைஃபையும் ஓவனும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் வேலை செய்பவை. ஓவன் ஓடும்போது அதிலிருந்து கசிகிற கொஞ்சம் அலை போதும், தூரத்தில் இருக்கும் கேமராவின் மெலிந்த சிக்னல் அதில் மூழ்கிவிடும். அண்ணி மதியச் சாப்பாட்டைச் சூடு பண்ணும் போதெல்லாம் வாசலுக்குக் கண் தெரியாமல் போனது.

ரூட்டரைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். நான் அதைச் செய்யவில்லை. சிக்னல் கம்மி என்று மட்டும் அண்ணனிடம் சொன்னேன்.

இரண்டு தெரு தள்ளி ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. தராசு, வெப்பமானி போன்ற அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் இடம். உதவியாளர் வேலைக்கு நான் அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருந்தது. மதியம் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணியிடம் சொன்னேன். நான் வாசலைத் தாண்டும்போது ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஓவனை ஓட்டினால் போதும் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஓட்டணும்?" என்றாள்.

அன்று போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து, தெருமுனையில் நின்று அண்ணியை அழைத்தேன். தண்ணீரை மறுபடி சூடு பண்ணச் சொன்னேன்.

"மறுபடியுமா? இந்த வீட்ல தண்ணிக்கே காய்ச்சல் வந்துடும்."

ஒரு வாரம் மதியங்களில் வந்து வேலை பழகட்டும், சரியாக வந்தால் திங்கட்கிழமையிலிருந்து முழு வேலை என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத் தினமும் போனேன். வெப்பமானிகளை எண்ணெய்த் தொட்டியில் இறக்கி, முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்கும் வேலை. அங்கே யாரும் என்னை எங்கே என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை, வேலை எனக்குத்தான் என்றார்கள்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் வந்தார். பையை இறக்கி வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார். என் அறையிலிருந்து எல்லாம் கேட்டது.

"தினமும் ரெண்டு தடவை கேமரா நிக்குது. மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அவ ரூம்ல படிச்சிட்டிருக்கா. நீதான் கூடத்துல இருக்கே. யாரு வர்றா?"

பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கவில்லை.

"நான் சந்தேகப்படல. கேக்கறேன், அவ்வளவுதான்."

நான் வெளியே வந்தேன். அண்ணி என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். ஈரக் கையோடு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

"ஓவன்தான் அண்ணா," என்றேன்.

ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து ஓட்டினேன். அவர் போனில் வாசல் உறைந்து போனது. நிறுத்தினேன், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னார். பிறகு சிரித்தார். அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து வெகுநாளாயிற்று.

"இவ்வளவுதானா? ஏம்மா விஞ்ஞானி, இதைக் கண்டுபிடிக்க உனக்கு இத்தனை நாளா?"

ஓவன் ஏன் தினமும் இரண்டு தடவை ஓடியது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீளமான கேபிள் வாங்கி வந்தார். ரூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுபோய் உயரத்தில் மாட்டினேன். நெரிசல் இல்லாத சேனலாகப் பார்த்து மாற்றினேன். அரைகுறையாகச் செய்யலாம் என்று தோன்றாமல் இல்லை. கை வரவில்லை. முடித்தபோது எதிர்வீட்டுக் கதவின் ஆணிகூடப் படத்தில் தெரிந்தது.

அண்ணன் வெளியே போனதும் அண்ணி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"எதுக்குச் சொன்னே? இந்தப் பேச்செல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. உனக்கில்ல வேலை போச்சு."

"இன்னும் போகல அண்ணி."

"இனிமே எப்படிப் போவே? பறந்தா?"

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஞாயிறு மாலை அண்ணன் மறுபடி வெளியூர் கிளம்பினார். திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறந்தேன். படியிறங்கித் திருப்பத்தைத் தாண்டியபோது போன் அடித்தது.

"எங்கே கிளம்பிட்டே?"

"வேலைக்கு அண்ணா."

ஆய்வுக்கூடத்தின் பெயரைச் சொன்னேன், எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அவருக்குப் பின்னால் கிடங்கில் லாரி ஒன்று பின்னோக்கி வரும் ஒலி விட்டுவிட்டுக் கேட்டது.

"யாரைக் கேட்டு?"

நான் படியில் நின்றுவிட்டேன்.

"திரும்பி மேல ஏறு. வீட்டுக்குள்ள போ. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பார்த்துக்கொண்டுதான் இருப்பார். படம் இனி உறையாது. ஆனால் அந்தக் கேமராவுக்கு வாசலும் அதற்குக் கீழே நாலைந்து படிகளும்தான் தெரியும். நான் திருப்பத்துக்குக் கீழே, சுவரில் கை வைத்தபடி நின்றிருந்தேன்.

"ஏறிட்டியா?" என்றார்.

அவர் கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. போனில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. காலியான அந்தப் படிகளில் நான் வந்து தெரிவதற்காகக் காத்திருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, செருப்புச் சத்தம் எழாதபடி, அடுத்த கீழ்ப்படியில் கால் வைத்தேன்.