விலை பேசாமல் வந்த பெட்டி

தன் மனைவி அற்புதமலர் ஒரு சாமானைச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தாள் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் ஏர்னஸ்ற் சிரித்திருப்பார். பலெர்மோவின் பல்லாரோச் சந்தையில் கத்தரிக்காய் விற்பவன் அவள் தூரத்தில் வருவதைக் கண்டாலே ஒருமுறை சிலுவை போட்டுக்கொள்வான். அவனுடைய பிள்ளைகுட்டிகளை விசாரித்து, அவன் முழங்கால் வலிக்கு வைத்தியம் சொல்லி, கத்தரிக்காயில் இல்லாத சூத்தையைக் கண்டுபிடித்து, பாதி விலைக்கு வாங்கி, மேலே இரண்டு பச்சை மிளகாயும் அள்ளிக்கொண்டு வருகிற பெண் அவள்.

அப்படிப்பட்டவள் அன்று பின்னேரம் இத்தாலிய எசமானியான சின்யோரா வீட்டு வேலை முடிந்து வந்து, கனமான பெட்டி ஒன்றை மேசையில் வைத்தாள்.

"இந்தாங்கோ, உங்கடை ஆள்."

பெட்டியின் மேல் டேல் பிறிமர் தொப்பியும் கிற்றாருமாக நின்றார். அமெரிக்காவின் கண்ட்றிப் பாடகர். மன்னாரில் ஏர்னஸ்ற்றின் வயதுக்காரர்கள் இங்கிலீசு தெரிந்தும் தெரியாமலும் சைக்கிளில் பாடித் திரிந்தது அவருடைய பாட்டைத்தான். அந்த மனிதரின் நாற்பது வருசப் பாட்டும் எட்டு சீடிகளில், படங்கள் நிறைந்த தடித்த புத்தகத்தோடு ஒரே பெட்டிக்குள் இருந்தது.

ஏர்னஸ்ற்றின் கை ஆசையோடு பெட்டியைத் தடவியது. வாய், பழக்கதோசத்தில், வேறு கேள்வி கேட்டது.

"எவ்வளவு?"

"சொன்ன விலைதான். குடுத்திட்டு எடுத்துக்கொண்டு வந்தன்."

"பேசேல்லையே?"

"இல்லை. தேத்தண்ணி போடட்டே?"

தடவிய கை நின்றுவிட்டது.

ஏர்னஸ்ற்றின் தகப்பனுக்கு மன்னார் பசாரில் புடவைக்கடை இருந்தது. கலியாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் விடிய வந்து பொழுதுபடும்வரை பேரம் பேசுவார்கள். கோபித்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வருவார்கள். அதெல்லாம் சந்தோசத்தின் சத்தம். ஆனால் எப்போதாவது ஒருவர் வந்து, வெள்ளைத் துணியை விரலால் காட்டி, வெட்டச் சொல்லி, கேட்ட காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போவார். அப்பா மீட்டர் கோலைக் கீழே வைத்து மெதுவாகக் கேட்பார்: "ஆர் தம்பி மோசம் போனது?" ஒருநாளும் அவர் கணக்குப் பிழைத்ததில்லை. சாவீட்டுச் சாமானுக்கு யாரும் விலை பேசுவதில்லை.

போன கிழமைதான் ஏர்னஸ்ற்றின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறு துண்டு ஒன்று வெட்டியும் எடுத்தார்கள். முடிவு சொல்லுகிற நாளில் டொக்ரர் அவரை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, அற்புதமலரைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். காரணம் இருந்தது. ஸ்ஃபெர்ராகவால்லோ மீன் உணவகத்தின் குசினியில் ஏர்னஸ்ற் படித்த இத்தாலியன், கழுவு, உரி, கெதியாய்க் கொண்டுவா என்பதற்குமேல் போகாது. அவளோ சின்யோரா வீட்டில் பத்திரிகையே வாசித்துக் காட்டுகிறவள். திரும்பி வரும்போது அவள் கண் சிவந்திருந்தது.

"ஒண்டுமில்லையாம். வயித்துப் புண்தானாம். குளிசை தந்திருக்கினம்."

ஒண்டுமில்லாததற்கு யாராவது அழுவார்களா? அன்றே அவருக்கு வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குள் ஏதோ கடிக்கத் தொடங்கிவிட்டது. இப்போது பேசாத விலைக்கு ஒரு பெட்டி வேறு.

அவள் குசினிக்குள் போனதும் பெட்டியைத் திறந்தார். முதலாவது சீடி, டேல் பிறிமர் மீசை முளைக்காத வயதில் பாடியது. பிறகு காதல், ரயில், சிறைச்சாலை, நத்தார், விஸ்கி என்று மனிதர் வாழ்க்கை வரிசையாகப் போனது. எட்டாவதுக்கான குழியில் ஒன்றுமில்லை.

புத்தகத்தைப் பிரட்டினார். எட்டாவது சீடி, கிழவர் கடைசிக் காலத்தில் பாடிய ஞானப்பாடல்கள்.

அவர்கள் ஊர்ப் பக்கத்தில் நத்தார் பண்டிகைக்கு டேல் பிறிமர் கசெற்றின் ஒரு பக்கம் என்றால், சாவீட்டுக்கு மறுபக்கம். உடல் வீட்டில் கிடக்கும்வரை ஒலிபெருக்கியில் அவருடைய ஞானப்பாடல்தான் முழங்கும். அந்தக் குரல் கேட்காவிட்டால் செத்தவருக்கே நம்பிக்கை வராது. பலெர்மோவுக்கு வந்தும் அந்த வழக்கத்தை யாரும் விடவில்லை.

அப்படியானால் ஏழு சீடி ஏர்னஸ்ற் உயிரோடு கேட்க. எட்டாவதை அவருடைய சாவீட்டுக்கென்று அவள் எங்கோ எடுத்து வைத்திருக்கிறாள். அலமாரியிலா, சின்யோரா வீட்டிலா?

கேட்டுவிடலாம். ஆனால் வியாபாரி மகன் நேரே கேட்கமாட்டான், நாடி பிடித்துப் பார்ப்பான்.

"அற்புதம், சனிக்கிழமை நண்டுக்கறி வை. உறைப்பாய்."

டொக்ரர் உறைப்பைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "சரி, வைக்கிறன்."

கேட்டது கேட்டபடி கிடைக்கிறது யாருக்கு? சாகப்போகிறவனுக்கு.

அடுத்தநாள் கொட்வின் வந்தான். மன்னாரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவன். இங்கே ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் ஸ்ரேசன் பக்கம் ஹோட்டலில் கட்டில் விரிக்கும் வேலை செய்தாலும், திருநாளுக்கும் செத்தவீட்டுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி கட்டுவது இன்றும் அவன்தான். ஒருநாளும் கையில் ஒன்றும் கொண்டுவராத மனிதன், அன்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான்.

"அண்ணை, பிறிமரின்ரை பெட்டி வந்திருக்காம். எட்டாவது இருக்கோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"என்ரை கசெற் நாடா சிக்குப்பட்டுப் போச்சு. ஒரு தேவை எண்டு வந்தால் அந்தரப்படக் கூடாது பாருங்கோ."

"ஆரின்ரை தேவைக்கு?"

"அதை இப்ப எப்பிடிச் சொல்லுறது?" கொட்வின் பல்லைக் காட்டினான். "கொஞ்சம் மெலிஞ்சிருக்கிறியள், அண்ணை."

வாழைப்பழத்தை ஏர்னஸ்ற் தொடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, மத்தியான வேலை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனார். பெட்டி வந்த கடைப் பையில் விலாசம் இருந்தது. ஸ்ரேசனுக்குப் பின் ஒழுங்கையில், தூரி என்ற சிசிலிக்காரனின் பாட்டுக்கடை. விற்கும்போது எட்டாவது உள்ளே இருந்ததா, இதுதான் அவருக்குத் தெரியவேண்டும். இருந்தது என்றால் ஒளித்தது அவள். ஒளித்தாள் என்றால் டொக்ரர் சொன்னது வேறு.

குசினி இத்தாலியனைவிட அவருக்குச் சரளமாக வருவது பேரம் பேசுகிற இத்தாலியன்தான். பெட்டியை மேசையில் போட்டார்.

"என்ன வியாபாரம் இது? முழு விலையும் வாங்கிப்போட்டு ஏழுதான் தந்திருக்கிறாய்!"

"முழு விலையோ?" தூரி மேசைக்கு வெளியே பாய்ந்து வந்தான். "மாதாவே! நீதானோ அந்தத் தமிழ் சின்யோராவின்ரை புருசன்? உன்ரை கையைக் குடு, பாவி மனுசா!"

"ஏன்?"

"மூண்டு தரம் வந்தவ. முதல்நாள், பெட்டியிலை நிக்கிறவன் கிழவன், விலையைக் குறை எண்டா. ரெண்டாம் நாள் மூலையிலை ஒரு நசுங்கல் கண்டுபிடிச்சா. அது நசுங்கல் இல்லை, டிசைன். மூண்டாம் நாள் வேறை ஒராள் வாங்க வந்தவனுக்கு, இதிலை ஒண்டு சுத்தாது எண்டு சொல்லிக் கலைச்சுவிட்டா!"

ஏர்னஸ்ற் இடைமறித்தார். "பேசினவளோ? விலை பேசினவளோ?"

"பேசினதோ? அரைவிலைக்கு வந்தன். அப்பவும் போகேல்லை. எட்டாவதை வெளியிலை எடுத்து வைச்சா. இது செத்தவீட்டுப் பாட்டு, இதின்ரை காசைக் கழி எண்டா. பிரிச்சு விக்கமாட்டன் எண்டன். என்ரை கதிரையிலை இருந்திட்டா. 'என்ரை மனுசனுக்குப் பொல்லாத வருத்தமோ எண்டு பயந்து கிடந்தனான், வெறும் புண்தான் எண்டு டொக்ரர் சொல்லிப்போட்டார், அந்தப் பாட்டை நான் வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டன்' எண்டு ஒரே பிடி. பசிச்சுது. குடுத்திட்டன்."

தூரி மேசைக்குக் கீழே கையை விட்டு எட்டாவது சீடியை எடுத்து நீட்டினான். "தனியா இதை ஆர் வாங்குவான்? நீ எடு. பத்தாயிரம் லீரா."

"பத்தோ? பெட்டி இல்லாத சாமான்!" நாக்கு தானாகப் பாய்ந்தது. "மூண்டு."

"ஏழு."

"நாலு" என்று சொல்ல வாயெடுத்த ஏர்னஸ்ற் சட்டென்று நிறுத்தினார். எதற்கு விலை பேசுகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. பெட்டியைக் கமக்கட்டில் இறுக்கிக்கொண்டு வெளியே இறங்கினார்.

"நாலு!" தூரி வாசலில் நின்று கத்தினான். "மூண்டு! சரி, ரெண்டு! ஏய், தமிழா!"

இறங்கிக்கொண்டே வருகிற விலைக்கு அவர் முதுகு காட்டி நடந்தது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. ஒழுங்கை முடக்குவரை ஓடாத குறை.

வீட்டில் அற்புதமலர் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கமக்கட்டில் பெட்டியைக் கண்டதும் கத்தியை வைத்தாள்.

"கடைக்குப் போனனீங்களோ?"

"சொன்ன விலை குடுத்தன் எண்டாய்?"

"பின்னை? அரைவிலைக்கு இறக்கினன் எண்டு சொன்னால் நீங்கள் என்ன சொல்லுவியள்? 'நான் போயிருந்தால் கால்விலை.' கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து இதுதானே? ஒரு நாளாவது அந்தக் கதையைக் கேளாமல் இருப்பம் எண்டு பாத்தன்."

"ஆசுப்பத்திரியிலை ஏன் அழுதனீ?"

"சந்தோசத்திலை அழப்படாதோ? அதுக்கும் விலை கேப்பியளோ?"

"அப்ப உறைப்பு நண்டு?"

"உறைப்பாய் வைக்கிறன் எண்டு ஆர் சொன்னது? வைக்கிறன் எண்டுதான் சொன்னனான். மிளகாய்த்தூள் போட்டால் என்ரை பேர் அற்புதமலர் இல்லை."

ஏர்னஸ்ற்றுக்கு நெஞ்சுக்குள் கடித்துக்கொண்டிருந்தது விட்டுப்போனது. முதலாவது சீடியை எடுத்துப் போட்டார். மீசை முளைக்காத டேல் பிறிமர் குதிரையில் ஏறிப் பாடத் தொடங்கினார்.

"எட்டாவதை எவ்வளவுக்கு இறக்கினவன்?" அவள் நண்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ரெண்டுக்கு."

"வாங்கேல்லையே?"

"இல்லை."

"நல்லது. இன்னும் ஒரு முப்பது வருசம் அங்கையே கிடக்கட்டும். சும்மா தருவான்."

ஏர்னஸ்ற் யோசித்தார். சொன்ன கணக்கை வியாபாரி மகன் அப்படியே ஒத்துக்கொள்வதா?

"முப்பது காணாது. நாற்பது."

"முப்பத்தைஞ்சு," என்றாள் அற்புதமலர். "கையைக் கழுவிப்போட்டு வந்து தேங்காயைத் துருவுங்கோ."